ஏரல்காரர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்

போன வாரம் நான் போட்ட, வெள்ளத் தடம் படிந்த எங்கள் வீட்டுச் சுவர்ப் படத்துக்கு வந்த பதிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஆத்தோரம் வீட்டைக் கட்டிட்டு, வெள்ளம் வந்துட்டுன்னு அழுதா எப்படி?" எழுதியவர் யாரோ எவரோ இல்லை, எங்கள் வீட்டில் கை நனைத்தவர். இரண்டு நாளாக மனசே ஆறவில்லை.

நாங்கள் ஆற்றுக்குள் வீடு கட்டவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கிற பழைய வியாபார ஊர் ஏரல். சுற்றுப்பட்டுக் கிராமங்கள் பாத்திரத்துக்கும் துணிக்கும் நம்பி வருகிற பஜார். ஆறு இருந்ததால்தான் ஊரே வந்தது.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அம்மா போட்ட கோலம் கண்முன்னே கரைந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலே சராசரியாக அவ்வளவு பெய்யாது. அதோடு அணைத் தண்ணீர், உடைந்த குளங்களின் தண்ணீர். இதற்கு எந்த இடத்தில் வீடு கட்டியிருக்க வேண்டும், சொல்லுங்கள்.

ஆச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் மாடிக்குத் தூக்கினார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழே அடுக்களையில் கேஸ் சிலிண்டர் மிதந்து மிதந்து சுவரில் முட்டுகிற சத்தம் மட்டும் இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் நின்றால், தண்ணீர் வடிகிறதோ என்று அம்மா எட்டிப் பார்ப்பாள். பாலமும் போய்விட்டது. மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்தோம், ஊறின அரிசியைத் தின்றோம்.

ஆக்கிரமிப்பே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆற்றுக்குள் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தையும் அமலைச் செடியையும் நாங்களா நட்டோம்? வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்து அப்பாவுக்கு நடை தேய்ந்ததுதான் மிச்சம்.

"அதான் நிவாரணம் 6,000 ரூபாய் கொடுத்தாங்களே" என்று இன்னொருவர். வாங்கினோம், வரிசையில் நின்று வாங்கினோம். மோட்டாருக்குக் காயில் கட்டவும் கிணற்றுச் சேற்றை அள்ளவும் சரியாகப் போனது. அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தால் முகம் கிழிந்து வருகிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. நூற்றுக்கணக்கான பேர் அங்கேயே கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள்தான் இருந்ததைப் பொங்கிப் போட்டார்கள். இந்த மழையில் ஏன் ரயில் ஏறினாய் என்று கேட்டுவிட்டா சோறு போட்டார்கள்?

அந்தப் பதிலை எழுதிய அண்ணே, உங்களிடம் நான் சோறு கேட்கவில்லை. அந்த வாரம் ஒரு போன்கூட வரவில்லையே, அதையும் கேட்கவில்லை. லைன் கிடைத்திருக்காது என்றே நினைத்துக்கொண்டேன். இப்போது கிடைத்த லைனில் இதைத்தான் சொல்ல வேண்டுமா?

ஊரை விட்டு வாருங்கள் என்று சொல்வது சுலபம். ஆச்சி வரமாட்டாள். இப்போதும் ராத்திரி மழை பிடித்தால் அவளுக்கு முழிப்புத் தட்டிவிடும். "எய்யா, தண்ணி எத்தனாவது படியில நிக்கி?" என்பாள். நான் எழுந்து போய், டார்ச் அடித்துப் பார்த்து, படியில் தண்ணீரே இல்லை ஆச்சி என்று சொல்லிவிட்டு வந்து படுப்பேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்பாள்.