புஷ்மதாஹா: நண்பர் மட்டுமல்லர்

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியில் வாழ்ந்த சாக்டா பழங்குடி மக்களின் தலைவர் புஷ்மதாஹாவைப் பற்றிய கட்டுரை ஒன்று, அவரை 'அமெரிக்கர்களின் நம்பகமான நண்பர்' என்று மட்டும் சுருக்கியிருப்பது முழுமையான மதிப்பீடாகத் தோன்றவில்லை. 1811இல் வெள்ளையருக்கு எதிராக ஒன்றுதிரள அழைத்த ஷானி பழங்குடித் தலைவர் டெக்கும்சேவை அவர் மறுத்ததும், பின்னர் கிரீக் பழங்குடியினரில் ஒரு பிரிவினருக்கு எதிரான போரில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் தரப்பில் படை நடத்தியதும் உண்மையே. ஆனால் 1820இல் டோக்ஸ் ஸ்டாண்ட் என்ற இடத்தில் நடந்த ஒப்பந்தப் பேச்சில் அதே ஜாக்சன் மிசிசிப்பி நிலங்களுக்கு ஈடாக மேற்கே நிலம் தருவதாகச் சொன்னபோது, அப்பகுதியை நேரில் அறிந்திருந்த புஷ்மதாஹா, அதில் பெரும்பகுதி வேளாண்மைக்கு உதவாதது என்றும், வெள்ளையர் ஏற்கெனவே அங்கே குடியேறிவிட்டனர் என்றும் முகத்துக்கு நேரே வாதிட்டார். (ஜாக்சனிடம் அப்படிப் பேசத் துணிந்தவர்கள் அன்று அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.) இறுதியில் கையொப்பமிட்டார் என்றாலும், தம் மக்களின் பள்ளிகளுக்கு நிதி திரட்டுவதற்கென விற்கப்பட வேண்டிய நிலத்தையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்தார். அந்தக் குடியேற்றச் சிக்கலைப் பேசித் தீர்க்கவே 1824இல் வாஷிங்டன் சென்ற அவர், டிசம்பர் 24 அன்று அங்கேயே நோயுற்று இறந்து, இராணுவ மரியாதையுடன் காங்கிரஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆறே ஆண்டுகளில், ஜாக்சன் அமெரிக்க அதிபராக இருந்தபோதே, டான்சிங் ராபிட் கிரீக் ஒப்பந்தத்தின் மூலம் சாக்டா மக்கள் மிசிசிப்பியில் எஞ்சியிருந்த தம் நிலத்தையும் இழந்ததைக் கட்டுரை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.