தங்கமான மனசும் சம்பள பாக்கியும்

நேற்று மூலக்கொத்தளத்தில் நர்ஸக்காவை எரித்துவிட்டு வந்தோம். கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வயசு ஐம்பதைத் தாண்டியிருக்காது. ராத்திரி நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஸ்டான்லிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. ராயபுரத்திலிருந்து ஒரு குடும்பம், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம், வியாசர்பாடியிலிருந்து வாக்கர் ஊன்றியபடி ஒரு பெரியவர். அவரவர் வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஹோம் நர்ஸ் ஏஜென்சி மூலமாக அக்கா வந்து பார்த்திருக்கிறார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தங்கமான மனசு." வாஸ்தவம்தான், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் நேற்று அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. மனசைப் பற்றியே பேசுகிறோம், அவர் கையிலிருந்த தொழிலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

என் நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது மூக்கில் டியூப், கட்டிலோரம் யூரின் பை. முதுகுக்கும் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண் இருந்ததை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அக்கா முதல் நாள் வந்து அவரைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அம்மா மற்ற இடங்களிலும் புண் வந்துவிடக் கூடாதே என்று சிவந்த தோலில் தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். "தேய்க்காதம்மா, உள்ளே இருக்கிற சதையும் சேர்ந்து கெட்டுப்பூடும்" என்று கையைப் பிடித்து நிறுத்தினார் அக்கா. சலைன் ஊற்றிப் புண்ணைக் கழுவினார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். இரண்டு மணிக்கொரு தடவை எந்தப் பக்கம் புரட்டினோம் என்று எழுத ஒரு நோட்டு போட்டார். டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றியபிறகும் அரை மணி நேரம் இறக்கக் கூடாது, இல்லாவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். இதை என் தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்று செய்ய வைத்தே சொல்லிக்கொடுத்தார். நைனா முரண்டு பிடித்தால், "இன்னா நைனா, என் மேல இன்னா கோவம் ஒனக்கு?" என்பார். பேச்சு வராத மனுஷன் சிரித்துவிடுவார்.

ஒரு நாள் புண்ணின் கட்டைப் பிரித்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனை மாறுது தம்பி, இது என் கையில இல்ல. சர்ஜனாண்ட காட்டிடலாம்" என்றார். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனோம். தன் கைக்கு எது அடங்கும், எது அடங்காது என்று தெரிந்திருப்பதும் படிப்புதானே?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை வட சென்னைக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. கரண்ட் போனதும், படுக்கைப் புண் வராமலிருக்க நைனாவுக்குப் போட்டிருந்த ஏர் பெட்டின் மோட்டார் நின்றுவிட்டது. காற்று ஏறி இறங்காவிட்டால் அது வெறும் ரப்பர் பாய். அக்கா கொருக்குப்பேட்டையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, கரண்ட் வரும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவரும் அம்மாவும் மாறி மாறி நைனாவைப் புரட்டிப் போட்டார்கள். புதிதாக ஒரு புண் வரவில்லை.

அந்த நாட்களுக்கு ஏஜென்சி தந்தது வழக்கமான பகல் ஷிப்ட் கூலி. ராத்திரிக்குக் கிடையாதாம், யாரும் தங்கச் சொல்லவில்லையாம்! நாங்கள் கொடுத்த பணத்தில் எவ்வளவு அவர் கைக்குப் போனது என்று கேட்டால், "விடு தம்பி" என்பார். லீவு எடுத்தால் சம்பளம் இல்லை. ஒரு வீட்டில் தனி டம்ளர் வைத்திருந்தார்களாம், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வீட்டு அம்மாவுக்கு மலம் அள்ளிய கை அது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆளைப் புரட்டிப் போட யார் வருவார்? அதற்கு ஏஜென்சிதான் கதி. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு 2007இல் நல வாரியம் வந்தது. "நான் நர்ஸாச்சே" என்று அக்கா அதில் சேரவில்லை. நர்ஸுக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் அவருக்கு இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் இப்படிப்பட்ட நர்ஸுகளைத் தனியாகப் பதிவு செய்து, கூலியையும் லீவையும் அரசாங்கம் நிர்ணயிக்க வேண்டும் என்று சொன்னால், "சேவைக்கு விலை வைக்கலாமா?" என்று கமென்டில் யாராவது வருவீர்கள். தாராளமாக வைக்கலாம். அவர் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் கடைசி மாதச் சம்பளத்தை ஏஜென்சி இன்னும் தரவில்லை. திங்கட்கிழமை காலை நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து போய்க் கேட்கப் போகிறோம். அவர் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். அவர் கையெழுத்திட்ட நோட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எது இருந்தாலும் கையோடு கொண்டு வாருங்கள். அந்த மாதம் அவர் வேலைக்கே வரவில்லை என்கிறாராம் ஏஜென்சிக்காரர்.