முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?

மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தால் கால்கள் செயலிழந்துவிடும், உடலில் அந்த நீர் குறைந்தே போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் தண்டு, பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவதோ அதற்கும் கீழே, மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோதான். கைக்குழந்தைகளுக்குத் தண்டுவடம் சற்றுத் தாழ்ந்து முடிவதால் இன்னும் கீழான இடைவெளியையே தேர்வார்கள். பெரியவர்களிடம் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும் இந்த நீர், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பரிசோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் 10 மில்லிலிட்டருக்குள்தான்.

முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் பக்கவாட்டில் படுத்திருப்பவரின் முதுகிலிருந்து, சொட்டுச் சொட்டாகச் சிறு குழாய்களில் விழும் நீர் தெளிந்த தண்ணீரைப் போல இருக்க வேண்டும்; அது கலங்கியிருந்தால் பாக்டீரியத் தொற்று என்ற ஐயம் வலுக்கிறது. கிருமி வளர்ப்புச் சோதனைக்கான குழாயைக் குளிர்பெட்டியில் வைக்காமல் உடனே ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், ஏனெனில் சில கிருமிகள் குளிரில் மடிந்துவிடும்.

சிலருக்குப் பின்னர் தலைவலி வருவது உண்மை. மூளையில் அழுத்தம் மிகுந்திருப்பதாகத் தோன்றினால் மருத்துவர்கள் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். வதந்தியை நம்பிச் சோதனையை மறுப்பதுதான் ஆபத்து: பாக்டீரிய மூளைக்காய்ச்சலில் சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறிக்கக்கூடும்.