பெற்றோரைக் காட்ட முடியாத குஞ்சுக்குக் ‘கிங் காம்ஃபா’ என்று பெயர் வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடையொன்றில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். ஆனால் வாங்கிய மீனோடு நியாயம் கேட்டு வந்த ஒரு கல்லூரித் தம்பியையே குற்றவாளியாக்கி, “வளர்க்கத் தெரியாதவன் ஏன் காம்ஃபா வாங்கினான்” என்று ஆளாளுக்குப் பேசுவதைக் கேட்ட பிறகு, வாயை மூடிக்கொண்டிருப்பது நானும் அந்தப் பேச்சுக்கு உடன்பட்டதாகிவிடும் என்று தோன்றியது.

நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. தலையில் கொண்டைபோலப் புடைப்பு வளரும் ஃபிளவர்ஹார்ன் என்ற வளர்ப்பு மீனில் காம்ஃபா ஒரு வகை. இரண்டரை அங்குலக் குஞ்சு ஒன்றை ‘கிங் காம்ஃபா, ஏ பிளஸ் பிளஸ், ஆண், தாய்லாந்து இம்போர்ட்’ என்று சொல்லி 3,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். ஏழு மாதம் வளர்த்துவிட்டு அதே மீனைக் கடைக்கு எடுத்து வந்திருந்தார் அந்தத் தம்பி. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பழைய பெயின்ட் வாளியில், பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்போடு, மேலே ஈரத்துண்டு போட்டு மூடி, பேருந்தில் கொண்டுவந்திருந்தார். சிவந்த கண், உருண்டையான வால், முன்னே துருத்திய வாய், தலையில் கொண்டை என்று சொல்ல ஒன்றுமே இல்லாத சரிவு. கடைக்காரர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, “நாங்க குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, நீங்க தண்ணி ஒழுங்கா மாத்தியிருக்க மாட்டீங்க, தீனியும் சரியில்ல” என்றார். அதற்கு அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: “தண்ணி மாத்தலேன்னா கண்ணு, வாய், வாலு எல்லாமாண்ணா மாறிடும்?” கடையில் நின்ற யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அந்த வெட்கமும் இந்தப் பதிவை எழுதுவதற்கு ஒரு காரணம்.

அந்தக் கேள்விக்கான பதிலை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். மாறாது தம்பி. தண்ணீரும் தீனியும் தொட்டியின் அளவும் மீனின் வளர்ச்சியையும் நிறத்தையும் ஓரளவு கொண்டையையும் பாதிக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காம்ஃபா என்றால் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் சற்று உள்வாங்கிய கண், உள்ளே இழுத்த சிறிய வாய், விசிறிபோல விரிந்த வால், அந்த வாலைச் சுற்றிப் பிடிக்கும் நீளமான மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட அடையாளங்கள் இருக்கின்றன. சிவந்த கண்ணும் உருண்டை வாலும் துருத்திய வாயும் ஃபிளவர்ஹார்னின் இன்னொரு வகையான ஜென் ஜுவின் அடையாளங்கள். இவை பிறப்போடு வருபவை. ஏழு மாதம் தண்ணீர் மாற்றாமல் விட்டால் மீன் செத்துப்போகுமே தவிர, காம்ஃபா ஜென் ஜுவாக மாறாது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பெற்றோரைக் காட்ட முடியாத குஞ்சுக்குப் பெயர் வைத்து விற்காதீர்கள்.

ஃபிளவர்ஹார்ன் இயற்கையில் எந்த ஆற்றிலும் இல்லாத மீன். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த டிரைமேக், ரெட் டெவில் போன்ற சிக்லிட் மீன்களைக் கலந்து, 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1986 வாக்கில், தைவானில் பிளட் பேரட் என்ற இன்னொரு கலப்பின மீன் வந்துவிட்டது. அதையும் இந்தக் கலப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு தாய்லாந்துக்காரர்கள் கையில் எடுத்துக் காம்ஃபாவையும் தாய் சில்க் என்ற இன்னொரு வகையையும் மேலும் மெருகேற்றினார்கள். இப்படிக் கலப்பின் மேல் கலப்பாக வந்த மீன், தன்னைப் போலவே குஞ்சுகளைத் தராது. ஒரே ஜோடி ஒரே முறை போட்ட சில நூறு முட்டைகளில், ஒன்று அப்பாவைப் போல இருக்கும், ஒன்று பாட்டியைப் போல இருக்கும், மிச்சமெல்லாம் எதைப் போலவும் இல்லாமல் போகும். அதனால்தான் நல்ல பண்ணையில் நூற்றுக்கணக்கில் கழித்துவிட்டுக் கைவிரல்களில் எண்ணக்கூடிய குஞ்சுகளை மட்டும் தனியாக எடுத்து வளர்க்கிறார்கள். கழிக்கப்பட்ட மற்றவை எங்கே போகின்றன என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? மூட்டை விலையில் கடைக்கு வருகின்றன, வந்த அன்றே பெயர் சூட்டப்படுகின்றன. அப்பா காம்ஃபா என்பதால் பிள்ளைகள் எல்லாமும் காம்ஃபா, அதில் கொஞ்சம் சிவப்பாக இருப்பது கிங் காம்ஃபா. அந்தக் ‘கிங்’ எதைக் குறிக்கிறது என்று இரண்டு வளர்ப்பாளர்களைக் கேளுங்கள், இரண்டு விளக்கம் வரும்.

‘எஃப் ஒன்’ என்ற சொல்லும் இப்படித்தான். இரண்டு தூய இனங்களைச் சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறையைக் குறிக்க வந்த சொல் அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கலந்துகொண்டே இருக்கும் ஒரு மீனில் எது முதல் தலைமுறை? ஆனாலும் கவரின் மேல் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனி விலையும் கேட்கிறார்கள்.

தர எழுத்துகள் இன்னும் மோசம். ஏ, ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ், ஷோ குவாலிட்டி என்கிறார்கள். இவற்றை யார் கொடுத்தது? பெட்டா மீனுக்கு வால், துடுப்பு, உடல்வாகு எப்படி இருக்க வேண்டும் என்று உலக அளவில் அமைப்புகள் எழுதி வைத்த அளவுகோல் இருக்கிறது, கப்பிக்கும் இருக்கிறது. ஆசிய அரோவானாவைப் பதிவு பெற்ற பண்ணையிலிருந்து வாங்கினால் உடலுக்குள் மைக்ரோசிப் இருக்கும், அந்த எண்ணோடு சான்றிதழும் கையில் வரும், ஏனென்றால் அது அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் என்று பன்னாட்டு ஒப்பந்தம் காவல் நிற்கிறது. ஃபிளவர்ஹார்ன் குஞ்சுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. கடைக்காரர் தன் வாயால் சொல்வதுதான் தரம். அதே தொட்டியில் காலையில் ‘ஏ’ என்று கேட்ட குஞ்சு, சாயங்காலம் கார் வைத்திருப்பவர் வந்து கேட்டால் ‘ஏ பிளஸ் பிளஸ்’ ஆகிவிடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்காக, என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012-இல் நானும் இப்படி ஒரு ‘ஆண் கிங் காம்ஃபா’ வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் சேர்த்த பணம். கடையில் இளஞ்சிவப்பு விளக்கின் கீழே ரத்தச் சிவப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து, சாதாரண டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோதே நிறம் பாதி இறங்கியிருந்தது. புது இடம், பயந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் மீதியும் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. குஞ்சுகளுக்கு ஆண்மை ஹார்மோனைத் தீனியில் கலந்து கொடுத்தால் பெண் மீனுக்கும் நிறமும் கொஞ்சம் கொண்டையும் வந்துவிடும், நிறுத்தினால் இறங்கிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது, நான்தான் ஏதோ தவறு செய்கிறேன் என்று ஃபில்டரை மாற்றினேன், ஹீட்டர் வாங்கினேன், சம்பளத்தில் பாதியை விலையுயர்ந்த பெல்லெட் தீனியில் போட்டேன்.

பதினான்காவது மாதம், ஒரு காலையில் அம்மா கூப்பிட்டார். “தொட்டிக்குள்ள அந்த ஓட்டு மேல என்னமோ சவ்வரிசி மாதிரி ஒட்டியிருக்கு, வந்து பாரு.” முட்டைகள். ஆண் என்று விற்ற மீன் வரிசை வரிசையாக முட்டை போட்டு, அவற்றின் மேலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. ஆண் துணை இல்லாமல் போட்ட முட்டைகள் மறுநாளே வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. அப்போதும் அது நகரவில்லை. மூன்று நாள் தீனியைத் தொடாமல் அந்த வெளுத்த முட்டைகளுக்குக் காவல் இருந்தது, ஓட்டை எடுக்கக் கை விட்டால் பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. அந்த மீன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எட்டு வருடம் என்னோடு இருந்தது, நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குக் கண்ணாடிக்கு ஓடி வரும். என் குறையெல்லாம், பதினான்கு மாதம் என்னையே நான் சந்தேகப்பட வைத்த அந்தப் பொய்யின் மேல்தான்.

கலப்பின மீனுக்கு ஏது உண்மையான பெயர், எல்லாமே வியாபாரப் பெயர்தானே என்று சிலர் கேட்பார்கள். விலங்கியல் பெயரிடல் விதிகள் கலப்பினங்களுக்குப் பெயர் தருவதில்லை என்பது எனக்கும் தெரியும். வியாபாரப் பெயராகவே இருக்கட்டும். நர்சரியில் இமாம்பசந்த் ஒட்டுக்கன்று என்று சொல்லி விலை கொடுத்து வாங்கி, நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் நாட்டுப் புளிப்பு மாங்காய் காய்த்தால் சும்மா இருப்பீர்களா? விலை வாங்கும்போது பெயர் உண்மையாக இருக்கிறது, கேள்வி கேட்கும்போது மட்டும் அது வெறும் வியாபாரப் பெயராகிவிடுகிறது.

இரண்டரை அங்குலத்தில் எதிர்காலத்தை யாரும் சொல்ல முடியாது என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வயதில் ஆணா பெண்ணா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. மேல் துடுப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் பெண் என்று பார்ப்பதும் எல்லா நேரமும் பொருந்துவதில்லை. வளர்ந்தபின் பொன்னிறமாக வேண்டிய கோல்டன் பேஸ் வகைக் குஞ்சு முதலில் சாம்பலாகத்தான் இருக்கும், கறுத்து, பிறகு தோல் வெளுத்துப் பொன்னிறமாக மாதக்கணக்கில் ஆகும், சில மீன்கள் கடைசிவரை மாறுவதே இல்லை. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சொல்ல முடியாது என்று தெரிந்தே ஏன் ‘ஏ பிளஸ் பிளஸ், ஆண்’ என்று சொன்னீர்கள்?

வாங்குபவன் கற்றுக்கொண்டுதான் வர வேண்டும் என்று பேசுகிறவர்களை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. ஒரு கல்லூரி மாணவர், சனி ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தோடு வருகிறார். அவர் வெள்ளைக் கண்ணையும் சிவப்புக் கண்ணையும் பிரித்தறியும் நிபுணராக இருக்க வேண்டும், இருபது வருடம் இதே தொழிலில் இருக்கும் நீங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்பது எந்த ஊர் நியாயம்? அவருக்குத் தெரியாது என்பதால்தானே உங்களிடம் கேட்டார்? “அண்ணா, இது நல்லா வருமா?” என்று கேட்டவரிடம் அண்ணனாக இருந்து பதில் சொல்லியிருக்க வேண்டாமா?

சிறு வியாபாரிகளின் வயிற்றில் அடிக்கிறாய் என்றும் சொல்வார்கள். நான் பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் தெருக்களில்தான் மீன் வாங்குகிறேன். “இது கலப்புக் குஞ்சு, எப்படி வரும்னு சொல்ல முடியாது, நூத்தம்பது குடுங்க” என்று உள்ளதைச் சொல்லி விற்கும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கடையைத் தாண்டி, இளஞ்சிவப்பு விளக்கும் ஏ பிளஸ் பிளஸ் அட்டையும் வைத்த கடையில் கூட்டம் நிற்கும்போது உண்மையில் யார் வயிற்றில் அடி விழுகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

மீன்தானே, இதற்கெல்லாமா சட்டம் பேசுவது என்றும் ஒருவர் என்னிடம் கேட்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் குறிப்பிட்ட தரத்தையோ கிரேடையோ உடையது என்று பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகவே சொல்கிறது. விற்ற பொருளுக்கு ரசீது தராததும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்தத் தம்பியிடம் ரசீது இல்லை. கேட்டதற்கு “மீனுக்கெல்லாம் யாரு பில் போடுவா” என்றிருக்கிறார்கள். வகையின் பெயர், தரம், ஆண் பெண் என்று நீங்கள் வாயால் சொன்ன அத்தனையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடை முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். எழுத மனம் வரவில்லை என்றால் சொல்லவும் வரக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு அந்தத் தம்பி, “இத ஏரியில விட்டுரலாம்னு இருக்கேன்” என்றார். ‘வாஸ்து மீன், காம்ஃபா’ என்று நம்பி வாங்கியவர்களுக்கு அது வேறாக வளர்ந்து நின்றதும் தோன்றும் முதல் எண்ணம் இதுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மோகம் தீர்ந்து கைவிட்ட ஃபிளவர்ஹார்ன்கள் நீர்த்தேக்கங்களில் பெருகிய கதை எல்லோரும் அறிந்தது. கண்ணில் படும் மீனையெல்லாம் விரட்டிக் கடிக்கும், முட்டையையும் குஞ்சையும் உயிரைக் கொடுத்துக் காக்கும் இந்த மீனை நம் ஏரிகளில் விட்டால் அங்கே இருக்கும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் என்ன ஆகும்? ஒரு பொய்ப் பெயர் கடை வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. வேண்டாம் தம்பி என்று சொல்லி வாளியை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது என் வீட்டில் நான்கடித் தொட்டியில் இருக்கிறது, நேற்றிலிருந்து தீனி எடுக்கிறது.

அந்தக் கடைக்காரர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும், என்னை அவருக்கும் தெரியும். உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை அண்ணா, எழுதவும் மாட்டேன். மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம், அது என்னிடமே இருக்கட்டும். அந்தத் தம்பிக்கு 3,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், இதே பதிவின் கீழே அதையும் நானே எழுதுகிறேன்.