வேடிக்கை காட்ட வா, தீர்ப்பு சொல்ல வராதே

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கறவங்க படிங்க, இல்லாதவங்க லைக் போட்டுட்டு நகருங்க, தப்பில்ல.

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு பெரியப்பா இருக்காரு. "வெள்ளைக்காரன் ஆயிரம் அக்கிரமம் பண்ணான், ஆனா கோர்ட்டுன்னு ஒண்ணைக் கொடுத்தான்ப்பா, சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு காட்டினான்"னு அப்பப்போ ஃபார்வர்ட் போடுவாரு. பெரியவர் மனசு நோகக்கூடாதுன்னு அங்க யாரும் வாயத் திறக்கறதில்ல, அதனால இங்க கொட்டறேன்.

1883 டிசம்பர் 4ஆம் தேதி கல்கத்தாவுல ஒரு சர்வதேசக் கண்காட்சி திறந்தாங்க. சௌரங்கியில மியூசியம் கட்டடம், அதை ஒட்டி மைதானம், ரெண்டையும் சேர்த்து வளைச்சுப் போட்ட பிரம்மாண்டமான ஏற்பாடு. நடத்தினவர் ஜூல்ஸ் ஜூபேர்னு ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த ஒரு ஆளு, இதையே தொழிலா வச்சிருந்தவர். மகாராணியோட மகன் கன்னாட் கோமகன் வந்திருந்தாரு, வைஸ்ராய் ரிப்பன் வந்திருந்தாரு. மார்ச் 10 வரைக்கும் நடந்துச்சு, சுமார் 10 லட்சம் பேர் பார்த்தாங்க. இந்தியாவோட மூலை முடுக்குலேர்ந்தெல்லாம் துணி, தானியம், மரம், பாத்திரம், நகைன்னு கொண்டுவந்து அடுக்கி வச்சாங்க.

அதே ஊர்ல, அதே குளிர்காலத்துல இன்னொரு கூத்தும் ஓடிட்டிருந்துச்சு. சில நாள் முன்னாடிதான் ரிப்பன் கல்கத்தா திரும்பினப்போ தெருவுல நின்ன வெள்ளைக்காரங்களே அவரைப் பார்த்து ஹிஸ்ஸுன்னு கூச்சல் போட்டாங்க. ஆமா, நம்ம சென்ட்ரல் பக்கத்துல ரிப்பன் பில்டிங் இருக்குல்ல, அதே ரிப்பன்தான். அவரைப் பிடிச்சு சாந்த்பால் காட்ல கப்பல் ஏத்தி லண்டனுக்கே பார்சல் பண்ண ஒரு கோஷ்டி பிளான் போட்டுச்சுன்னு அந்தக் காலத்து வெள்ளை அதிகாரி ஒருத்தரே எழுதி வச்சிருக்காரு. வைஸ்ராயையே கடத்தற அளவுக்கு என்ன கோவம்னு கேட்டா, ஒரு இந்திய ஜட்ஜ் வெள்ளைக்காரனை விசாரிக்கலாம்னு ஒரு மசோதா வந்துச்சு, அவ்ளோதான்.

கதை என்னன்னா, பிகாரி லால் குப்தான்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி, கல்கத்தாவுல மாஜிஸ்ட்ரேட். கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மாதிரி தலைநகரங்கள்ல இந்திய மாஜிஸ்ட்ரேட் வெள்ளைக்காரன் கேஸை விசாரிக்கலாம். ஆனா அதே ஆளுக்கு புரமோஷன் கொடுத்து ஜில்லாவுக்கு அனுப்பினா அங்க அந்த அதிகாரம் கிடையாது, அவருக்குக் கீழ வேலை பார்க்கற வெள்ளைக்கார ஜூனியருக்கு உண்டு! பதவி ஏற ஏற அதிகாரம் குறையற விசித்திரம். இதைத்தான் அவர் 1882ல ஒரு குறிப்பா எழுதிக் கொடுத்தாரு. ரிப்பனோட கவுன்சில்ல சட்டத்தைக் கவனிச்ச மெம்பர் கோர்ட்னி இல்பர்ட் அதை மசோதாவாக்கி 1883 பிப்ரவரியில கொண்டுவந்தாரு, அந்த மாசம் 28ஆம் தேதி கல்கத்தா டவுன்ஹால்ல வெள்ளைக்காரங்க கூட்டம் போட்டு இந்தியர்களைக் கேவலமாத் திட்டித் தீர்த்துட்டாங்க. தேயிலைத் தோட்டக்காரனும் அவுரித் தோட்டக்காரனும்தான் ரொம்பத் துள்ளினது. ஏன்னு புரிய 1876 ஆக்ரா கேஸ் ஒண்ணு போதும். ஃபுல்லர்னு ஒரு வெள்ளைக்கார வக்கீல், சர்ச்சுக்குப் போக வண்டி வர லேட்டாச்சுன்னு குதிரைக்காரனை அடிச்சாரு, அந்த ஆள் செத்துட்டாரு. தண்டனை 30 ரூபா அபராதம். இது ரொம்ப ஓவர்னு லிட்டன் மாதிரி கெடுபிடியான ஒரு வைஸ்ராயே கண்டிச்சாருன்னா பாத்துக்கங்க. இப்படிக் கேஸெல்லாம் நம்மாளு டேபிளுக்கு வந்துடுமோங்கற பயம்தான் அந்தத் துள்ளல்.

இப்போ எனக்கு ரொம்ப உறுத்தற விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கண்காட்சிகளுக்கெல்லாம் ஆதி லண்டன்ல 1851ல நடந்த மகா கண்காட்சி. கண்ணாடி மாளிகை, கோஹினூர் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. அம்பாரி கட்டின யானை ஒண்ணு இந்தியப் பகுதியில நின்னுச்சு, அம்பாரி நிஜம், யானை மட்டும் எஸெக்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊர் மியூசியத்துலேர்ந்து இரவல் வாங்கின பாடம் பண்ண யானை, அது வேற கதை. அந்தக் கண்காட்சிக்கு வண்டி வண்டியா விதிகள் எழுதினாங்க. சாமான் மேல விலை எழுதி ஒட்டக்கூடாதுன்னு ஒரு விதி. அதைவிட முக்கியமானது, பரிசு கொடுக்கற ஜூரி குழுக்கள்ல பாதிப்பேர் பிரிட்டிஷ்காரங்களா இருக்கணும், பாதிப்பேர் வெளிநாட்டுக்காரங்களா இருக்கணும். பிரெஞ்சுக்காரன் பட்டுக்கு இங்கிலீஷ்காரன் மட்டும் உட்கார்ந்து மார்க் போட்டா நியாயமா இருக்காதுன்னு அவங்களுக்கே நல்லாத் தெரிஞ்சிருக்கு. அப்போ இந்தியா எந்தப் பாதி? நாம வெளிநாடு இல்ல, கிழக்கிந்தியக் கம்பெனியோட சொத்து. சாமானைத் திரட்டி அனுப்பினது கம்பெனி, அடுக்கி வச்சது கம்பெனி ஆளு ஃபோர்ப்ஸ் ராயல். டாக்கா மஸ்லினைப் பார்த்து ஆஹா ஓஹோன்னாங்க, நெய்தவன் எந்தப் பாதியிலயும் இல்ல.

முப்பத்து மூணு வருஷம் கழிச்சு, 1884 ஜனவரி 25, கண்காட்சி இன்னும் முடியல, கூட்டம் அலைமோதிட்டிருக்கு, இல்பர்ட் மசோதா சட்டமாச்சு. எப்படி? வெள்ளைக்காரன் மேல ஜில்லாவுல கேஸ்னா அவன் ஜூரி, அதாவது ஜட்ஜோட சேர்ந்து தீர்ப்பு சொல்ற குழு, கேட்கலாம், அதுல குறைஞ்சது பாதிப்பேர் ஐரோப்பியனா அமெரிக்கனா இருக்கணும். அதே பாதி! பட்டுத் துணிக்கும் வெள்ளைத் தோலுக்கும் தன்னாளு பாதி வேணும்ங்கறதை சட்டமா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு, ஆக்ரா குதிரைக்காரன் செத்த கேஸ்ல மட்டும் அந்த யோசனை வரவே இல்ல. இந்திய ஜட்ஜ் கையில கொடுத்த மாதிரி கொடுத்து, ஜூரிங்கற பேர்ல திரும்பப் பிடுங்கிட்டாங்க. ரிப்பன் நல்ல மனுஷன், அதுல எனக்கு சந்தேகமில்ல. ஆனா இதுல அவர் தோத்துட்டாரு.

இன்னொண்ணும் அதே 1883ல. நாரிஸ்னு கல்கத்தா ஹைகோர்ட் ஜட்ஜ், ஒரு குடும்பச் சண்டைக் கேஸ்ல வீட்டுச் சாளக்கிராமத்தையே கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிட்டாரு, எத்தனை வருஷத்துச் சாமின்னு கண்ணால பார்த்து முடிவு பண்ண. பூஜையில இருக்கற சாளக்கிராமத்தை வீட்டைவிட்டு வெளிய எடுக்கவே யோசிப்பாங்க நம்ம வீடுகள்ல. வங்காளத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜி 'பெங்காலி'ங்கற பேர்ல நடத்தின அவரோட இங்கிலீஷ் பத்திரிகையில நாரிஸை வறுத்தெடுத்தாரு, கோர்ட் அவமதிப்புன்னு ரெண்டு மாசம் உள்ள போட்டாங்க. அஞ்சு ஜட்ஜ் உட்கார்ந்த பெஞ்சுல இந்தத் தண்டனை அதிகம்னு சொல்லி மாறுபட்டவர் ஒருத்தர்தான், ரொமேஷ் சந்திர மித்ரா. பெஞ்சுல இருந்த ஒரே இந்தியர். உள்ளூர் ஆளு ஜட்ஜா இருக்கறதால என்ன பிரயோஜனம்னு கேட்கறவங்க இந்த கேஸைப் பார்க்கலாம். ஜெயிலுக்குப் போன சுரேந்திரநாத் வெளிய வந்து, அதே டிசம்பர்ல, ஊரு கண்காட்சிக் கூட்டத்துல நிறைஞ்சிருக்கும்போதே தேசிய மாநாட்டைக் கூட்டிட்டாரு. காங்கிரஸுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

விதின்னு சொன்னேன்ல, இன்னொரு பெரிய விதி இருக்கு. 1873 வியன்னா கண்காட்சிக்குப் போக வெளிநாட்டு மெஷின்காரங்க தயங்கினாங்க, காட்டினா ஐடியாவைச் சுட்டுடுவாங்கன்னு. அந்தப் பயம்தான் வளர்ந்து 1883 மார்ச் 20ஆம் தேதி கண்டுபிடிப்பு, டிசைன் உரிமைகளைக் காக்கற பாரீஸ் ஒப்பந்தமாச்சு. கண்காட்சியில வச்ச கண்டுபிடிப்புக்கும் டிசைனுக்கும் தற்காலிகப் பாதுகாப்பு கொடுக்கணும்னு அதுல தனி ஷரத்தே உண்டு. நல்ல விதி. ஆனா அதுக்கு முன்னாடியே 1866ல, ஃபோர்ப்ஸ் வாட்சன்னு இந்தியா ஆபீஸ் அதிகாரி என்ன பண்ணாருன்னா, இந்தியத் துணிகளைத் துண்டு துண்டா வெட்டி, 700 சாம்பிளை 18 வால்யூமா ஒட்டி, இருபது செட் போட்டு, அதுல 13 செட்டை பிரிட்டன் ஊர்களுக்கு அனுப்பினாரு. எதுக்கு? மில்லுக்காரங்க பார்த்து அதே மாதிரி நெய்து நமக்கே விக்கறதுக்கு. வேட்டி, புடவை, தலைப்பாகை, மெட்ராஸ் பக்கத்துத் துணி எல்லாம் அதுல இருக்கு. நீளம் அகலம், எப்படிக் கட்டுவாங்கங்கற விவரம் உட்பட. அந்த நெசவாளிக்கு எந்த ஷரத்து?

1886ல லண்டன்ல காலனி கண்காட்சி நடத்தினப்போ சாமானோட நிறுத்தல, ஆளையே கொண்டுபோனாங்க. ஆக்ராவுலேர்ந்து 34 கைவினைக் கலைஞர்கள், ஏற்பாடு பண்ணவர் ஆக்ரா ஜெயில் சூப்பிரண்டு டாக்டர் டைலர். அதுல பலரும் அந்த ஜெயில்லயே தொழில் கத்துக்கிட்ட ஆளுங்க. பக்ஷிராம்னு ஒரு குயவர், 102 வயசுன்னு சொல்லி உட்கார வச்சு சக்கரம் சுத்த விட்டாங்க. 55 லட்சம் பேர் வந்த கண்காட்சி, அவரை எத்தனை பேர் சுத்தி நின்னு பார்த்திருப்பாங்க! மகாராணிக்கு இவங்களை ரொம்பப் பிடிச்சுப்போய் ஓவியர் வச்சு சிலரோட முகத்தை வரையச் சொன்னாங்க. படங்கள் அருமையா இருக்கும், அதையும் சொல்லணும்.

நம்ம மெட்ராஸுக்கும் இதுல பங்கு உண்டு. உச்சுவாடியில பொறந்து, மாசம் ஒரு ரூபா சம்பளத்துல கிராமக் கணக்கு ஆபீஸ்ல எடுபிடியா ஆரம்பிச்ச முத்துசாமி ஐயர் மெட்ராஸ் ஹைகோர்ட்டோட முதல் இந்திய ஜட்ஜானப்போ, வெள்ளைக்காரப் பத்திரிகைங்க குய்யோ முறையோன்னு கத்துச்சு. அதுக்குப் பதில் சொல்ல நமக்குன்னு ஒரு பேப்பர் இல்லியேன்னுதான் திருவல்லிக்கேணி ஆளுங்க ஆறு பேர் ஒண்ணே முக்கால் ரூபா கடன் வாங்கி 1878 செப்டம்பர்ல தி இந்து ஆரம்பிச்சாங்க, முதல் இதழ் 80 காப்பி. முத்துசாமி ஐயர் போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டா இருந்தப்போ, ஒரு இந்தியரை அடிச்ச வெள்ளைக்கார ஹைகோர்ட் ஜட்ஜையே நேர்ல வரவச்சு மூணு ரூபா அபராதம் போட்டார்னு அவர் கதை சொல்றவங்க விடாமச் சொல்வாங்க. பாரீஸ் கார்னர்ல ஹைகோர்ட்டுக்குள்ள இன்னிக்கும் அவர் சிலை இருக்கு, தலைப்பாகையோட, காலுல செருப்பில்லாம.

ஒண்ணு ஒத்துக்கணும். அந்த ஜட்ஜ் நாற்காலி கிடைச்சதுகூட இங்கிலீஷ் படிக்க முடிஞ்ச, பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான். பக்ஷிராம் வீட்டுப் பிள்ளைக்கு இல்பர்ட் மசோதா முழுசா பாஸாகியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அதை வெள்ளைக்காரன் தலையில மட்டும் கட்ட முடியாது.

ஆனா "எல்லாரும் சமம்"னு மட்டும் சொல்லாதீங்க. நம்ம பொருளை, நம்ம துணியை, நம்ம ஆளை, நம்ம சாமியைக்கூட பார்க்கறதுல அவங்களுக்கு எந்தப் பிரச்சனையும் இல்ல, நாம திரும்பிப் பார்த்து தீர்ப்பு சொல்றதுதான் பிரச்சனை. கிரிமினல் சட்டத்துல அந்த இனப் பாகுபாட்டை 1923ல கொஞ்சம் குறைச்சாங்க, மிச்சத்தை முழுசாத் தூக்கினது 1949ல, அதுவும் நம்ம சர்க்கார் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு. அந்தப் பாரீஸ் ஒப்பந்தத்துல இந்தியா சேர்ந்தது 1998ல.

கமெண்ட்ல "அப்போ ரயில் விட்டது?"ன்னு வரப்போறவங்க கொஞ்சம் பொறுங்க, அதுக்குத் தனியா எழுதறேன், இன்னிக்கு ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல இருக்கு.