எர்த் கம்பியும் விலைக்கு விற்கும் விதிகளும்

வயரிங் போன்ற வேலைகளை ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது என்று சொல்லும் பாதுகாப்புத் தரநிலைகளை எழுதச் செலவாகிறது, அதனால் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கோலாலம்பூர் செந்தூலில் பதினெட்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன், எனக்கு இது ஒப்பவில்லை. போன மாதம் ஒரு வீட்டில் குளியலறை ஹீட்டரைக் கழற்றினால், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியை எதிலும் மாட்டாமல் டேப் சுற்றிச் சுவருக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். "எது சரின்னு நான் எங்கே தம்பி பார்க்கிறது?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) வேண்டும் என்பது மலேசியாவின் 1994 மின்சார ஒழுங்குவிதிகளிலேயே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஆனால் கம்பி எப்படி இழுப்பது, எப்படிச் சோதிப்பது என்று விவரமாகச் சொல்லும் எம்எஸ் ஐஇசி 60364, அதாவது ஐஇசி என்ற சர்வதேச மின் தரநிலை அமைப்பின் வயரிங் தரநிலையின் மலேசியப் பதிப்பு, பகுதி பகுதியாக விலைக்குத்தான். தரநிலைக் குழுவில் உட்கார்ந்து இதை எழுதும் பொறியாளர்களுக்கு பெரும்பாலும் அவரவர் கம்பெனிதான் சம்பளம் கொடுக்கிறது, விற்ற காசு அவர்கள் கைக்கு வருவதில்லை.

2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பொம்மைப் பாதுகாப்பு வழக்கில், சட்டத்தோடு சேர்ந்துவிட்ட தரநிலைகளை மக்கள் பார்க்க வழி வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அமெரிக்காவில் மின்சார, தீ பாதுகாப்பு விதிகளை எழுதும் என்எஃப்பிஏ சங்கம் அவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்க விடுகிறது (திரையிலேயே பார்த்துக் கண் வலிக்கும், அது வேறு கதை).

பதிப்புரிமை ஐஇசியிடம் இருக்கிறது, அரசு என்ன செய்யும் என்பார்கள். சரி, அரசே மொத்தமாக ஒரு தொகை பேசி வாங்கி, எல்லாரும் படிக்க விட வேண்டியதுதானே? வீட்டு வயரிங் பகுதியையாவது.