இப்பத்தான் எரிஞ்சுச்சு மாமா

கார் வைத்திருப்பவனிடம் கார் கேட்பதில் தப்பே இல்லை. சொந்தபந்தம் என்று இருந்தால் கேட்கத்தான் செய்வார்கள், கொடுக்கத்தான் வேண்டும். தொண்டியில் நிச்சயதார்த்தமா, எடுத்துக்கொண்டு போங்கள். ஏர்வாடி தர்காவுக்கு நேர்த்திக்கடனா, போய்வாருங்கள். சாயல்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போகிறீர்களா, தாராளமாக. வண்டிக்குள் கடற்கரை மணல் கிடக்கட்டும், பின் சீட்டில் முறுக்குத் தூள் கிடக்கட்டும், ஏதாவது ஒரு பிள்ளை வாந்தி எடுத்த வாடைகூட இருந்துவிட்டுப் போகட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பெட்ரோல் தீரப்போகிறது என்று டேஷ்போர்டில் அந்த மஞ்சள் லைட்டு எரிய எரிய வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நைசாக நழுவுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொதிக்கிறது.

கேட்டால் அக்கா மகன் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். "இப்பத்தான் எரிஞ்சுச்சு மாமா. இன்னும் அம்பது கிலோமீட்டர் போகும்."

யார் சொன்னது அந்த அம்பது? எந்த வண்டி, எவ்வளவு பெரிய டேங்க், எந்த ரோடு, உள்ளே எத்தனை பேர்? எதுவும் வேண்டாம். ஆல்ட்டோவுக்கும் அம்பது, இன்னோவாவுக்கும் அம்பது, மீன் ஏற்றும் குட்டியானைக்கும் அம்பது. டீக்கடையில் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறார்கள். கார் ஓட்டவே தெரியாத என் மச்சினன் சொல்கிறான், அதுவும் அடித்துச் சொல்கிறான்.

சரி, கணக்கே பார்ப்போம். சின்னக் கார்களுக்கு டேங்க் 35 லிட்டர், 37 லிட்டர் என்று இருக்கும். அதில் பத்து, பதினைந்து சதவீதம் மிச்சம் இருக்கும்போது லைட்டு எரிவது பொதுவான வழக்கம். ஏறத்தாழ 4, 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி என்றால் 60, 75 கிலோமீட்டர். ஆகா, அம்பதுக்கு மேலேயே வருகிறதே என்று குதிக்காதீர்கள். அந்தக் கணக்கு லைட்டு எரிந்த நிமிஷத்திலிருந்து. என்னிடம் சாவியைக் கொடுக்கும் நிமிஷத்திலிருந்து இல்லை. தொண்டியிலிருந்து வரும்போது அது எரிந்தது உப்பூரிலா, திருப்பாலைக்குடியிலா, தேவிபட்டினத்திலா? எரிந்து ஒரு கிலோமீட்டர் ஆனாலும் அதே மஞ்சள், நாற்பது கிலோமீட்டர் ஆனாலும் அதே மஞ்சள். வண்டிக்குள் பாட்டு அலறும், பின்னால் நாலு பேர் கும்மாளம் போடுவார்கள், எவன் மீட்டரைப் பார்த்தான்? வீட்டு வாசலில் வண்டியை அணைக்கும்போது பார்த்திருப்பான். பார்த்ததுதான் இப்போது. எரிந்தது எப்போதோ.

டேங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும். உள்ளே ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. பெட்ரோல் இறங்க இறங்க மிதவை இறங்கும். கம்பியின் அந்தப் பக்கம் ஒரு மின்தடைப் பட்டையில் உரசிக்கொண்டு நகரும். அந்த அளவைத்தான் முள்ளாகவோ கோடாகவோ நமக்குக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் விஞ்ஞானம். டேங்க் ஒன்றும் சதுரப் பெட்டி இல்லை, பின் சீட்டுக்கு அடியில் கிடைத்த இடத்தில் மடக்கி ஒடுக்கிச் செருகியிருப்பார்கள். பல வண்டிகளில் மேல் பாதி ஆடி அசைந்து இறங்குவதும், கீழ்ப் பாதி மளமளவென்று காலியாவதும் பார்த்திருப்பீர்கள். பிரேக் அடித்தால் பெட்ரோல் முன்னால் பாயும், வளைவில் திரும்பினால் பக்கத்தில் சாயும். அதற்கெல்லாம் முள் துள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே கொஞ்சம் நிதானமாகக் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் பார்ப்பது எப்போதுமே கொஞ்சம் பழைய சேதி.

"கார்ல ரிசர்வ் டேங்க் தனியா இருக்கும்ல?" என்று மச்சினன் ஒரு நாள் கேட்டான். தெய்வமே! பழைய பைக்கில்கூடத் தனி டேங்க் கிடையாது. ஒரே டேங்கில் ஒரு குழாய் உயரமாக நிற்கும், இன்னொரு துளை அடியில் இருக்கும். பெட்ரோல் உயரக் குழாய்க்குக் கீழே போனதும் வண்டி திணறும். கையைக் கீழே விட்டு நாப்பைத் திருப்பினால் அடித் துளை திறந்து மறுபடி ஓடும். அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. ரிசர்வில் விழுந்த இடம் எது என்று ஓட்டியவன் சாகும்வரை மறக்க மாட்டான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்து, பைக்கெல்லாம் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியதும் அதுவும் ஏறக்குறையப் போய்விட்டது. இப்போது எல்லோருக்கும் லைட்டுதான், எல்லோருக்கும் அம்பதுதான்.

அப்புறம் இந்த "இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று காட்டுகிற எண். கொஞ்ச நேரமாக வண்டி என்ன மைலேஜ் கொடுத்ததோ அதையும், மிதவை சொல்லும் மிச்சத்தையும் பெருக்கிச் சொல்வதுதான் அது. முன்னால் என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. ஆடி மாதம் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்ப் பாருங்கள். கச்சான் என்கிற மேற்குக் காற்று பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே வரும், ஆக்சிலேட்டரில் கால் வைத்தால் போதும். எண் குறையவே குறையாது. மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று மூஞ்சியில் அறையும். எதிர்க்காற்றில் வேகம் கூடக் கூட, அதற்குச் செலவாகும் பெட்ரோல் அதைவிட வேகமாகக் கூடும். பாம்பன் பாலத்தில் ஏறினால் ஸ்டியரிங்கே ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்து ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்த இடம் அய்யா அது. அந்த மீட்டர் போகும்போது பார்த்த காற்றை வைத்துக்கொண்டு வரும்போது ஆருடம் சொல்கிறது.

அதையாவது மன்னிக்கலாம். பெட்ரோல் உண்மையிலேயே அடிமட்டத்துக்குப் போனதும் என் வண்டியில் அந்த எண்ணே காணாமல் போய், கோடு கோடாக மூன்று கோடு நிற்கிறது. இன்னும் பல வண்டிகளிலும் இதே கதைதான். டேங்க் நிறைய இருக்கும்போது 520 என்று கூசாமல் சொல்லத் தெரிகிறது. அப்போது யார் கேட்டார்கள்? புயல் அன்றைக்கு மட்டும் வானிலை அறிக்கைக்காரர் லீவு போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. காரோடு வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். லைட்டு எரிந்தால் சீக்கிரம் எரிபொருள் நிரப்பவும் என்று போட்டிருக்கிறான். ரொம்ப நன்றி. எத்தனை லிட்டரில் எரியும் என்று என் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. சர்வீஸுக்கு விட்டபோது அங்கே டை கட்டிய தம்பியிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், உள்ளே போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார்.

"ஒரு அம்பது ஓடும் சார்."

இதற்கு நடுவில் பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது நாம் போடுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. பெட்ரோல் மாறிவிட்டது, டீக்கடை அம்பது மட்டும் மாறவில்லை.

இவ்வளவு ஆத்திரம் ஏன் என்கிறீர்களா? போன ஆடி அமாவாசை. அப்பாவைத் தர்ப்பணத்துக்குச் சேதுக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். இருட்டோடு கிளம்பினால்தான் கூட்டத்துக்கு முந்தலாம். முந்தின ராத்திரிதான் வண்டி திரும்பி வந்து நின்றிருக்கிறது. சாவியைத் திருப்புகிறேன், மஞ்சள் லைட்டு, பக்கத்தில் மூன்று கோடு. எங்கள் ஊர் உச்சிப்புளிப் பக்கம். வழியில் முதலில் வந்த பங்க்கில் கயிறு கட்டிக் கிடக்கிறது, உள்ளே ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். ஏசியை அணைத்தேன். நாலாவது கியரில் போட்டு, ஐம்பதைத் தாண்டாமல், முட்டை மேல் கால் வைப்பதுபோல ஓட்டுகிறேன். அப்பா மடியில் எள்ளும் பச்சரிசியும் தர்ப்பையும் வைத்த மஞ்சள் பை. "ஏன்டா ஏசி போடல, வேக்குதுல்ல?" என்கிறார். "காத்து நல்லா வருதுப்பா" என்கிறேன். அம்மா பின்னால் இருந்து, "அந்த லைட்டு என்னடா?" என்கிறாள். அம்மாவுக்குத் தெரிகிறது, அக்கா மகனுக்குத் தெரியவில்லை. ராமநாதபுரத்துக்குள் நுழைந்தால் திறந்திருந்த பங்க்கில் ராமேஸ்வரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் போகிற வேன்கள் ரோடு வரை வரிசை. இன்ஜினை அணைப்பது, ஒரு வண்டி நகர்ந்தால் போடுவது, மறுபடி அணைப்பது. திருப்புல்லாணி தாண்டிச் சேதுக்கரை போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறி, கடலுக்குள் கால் வைக்க இடம் இல்லை.

மத்தியானம் அவனே போன் செய்தான். "பாத்தீங்களா மாமா, நான் சொன்னேன்ல. வண்டி போயிருச்சுல்ல?"

இதுதான் என்னால் ஜீரணிக்கவே முடியாத விஷயம். போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் சொன்னது சரியாகிவிடுகிறது. சேர்ந்தவன் ஊரெல்லாம் சொல்வான், "லைட்டு எரிஞ்சு எழுபது கிலோமீட்டர் ஓட்டுனேன் தெரியுமா" என்று. நடுரோட்டில் நின்றவன் வெளியே மூச்சு விடமாட்டான். இப்படியே ஒரு தரப்புச் சாட்சி மட்டும் சேர்ந்து சேர்ந்துதான் அம்பது இந்த நாட்டின் சட்டமாகிவிட்டது.

நின்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் தனுஷ்கோடி ரோட்டுக்குப் போங்கள். 1964 புயலில் ஊரே போன இடம். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து காருக்குக் குறைவில்லை. ராமேஸ்வரத்தை விட்டால் முனை வரை 20 கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம், நடுவில் பங்க் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா, ஒரு பக்கம் பெண் கடல் என்கிற வங்கக் கடல், நடுவில் ரோடு, மணல். முனையில் வெயில் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பார்கள். நிற்கிற கார் நிற்கிற இடத்திலேயே மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும், ஒரு கிலோமீட்டர்கூட நகராமல். திரும்பும் வழியில் ஓரமாக நின்றுகொண்டு, "அண்ணே, ஒரு லிட்டர் பெட்ரோல் கிடைக்குமாண்ணே" என்று கை காட்டுவார்கள். பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. இப்போதைய கார்கள் பலவற்றில் டியூப் விட்டு உறிஞ்சி எடுக்கவும் முடியாது. நான் எங்கே போவது பெட்ரோலுக்கு? கூட வந்த பெண்டுபிள்ளைகள் கருவேல மர நிழல்கூட இல்லாமல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், அந்த டிரைவிங் சீட்டு மகாராசனை நாலு கேட்கலாமா என்றும் இருக்கும்.

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்றால் இன்னும் மோசம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடம் இல்லை, பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டார். இன்ஜின் நின்றதும் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான், அதற்குப் பிறகு பெடல் கட்டையாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடலாம். டீசல் வண்டி என்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், டீசல் ஊற்றினாலும் பல வண்டிகள் உடனே கிளம்பாது, மெக்கானிக் வந்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் மோட்டாருக்குச் சூடு தணிப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். காய்ந்த டேங்கில் அடிக்கடி ஓடவிட்டால் அந்தச் செலவு யார் தலையில்? கடன் வாங்கிப் போனவன் தலையிலா?

அந்த அமாவாசைக்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன். வண்டியை யார் எடுத்தாலும் சரி, லைட்டு எரிந்த உடனே ட்ரிப் மீட்டரை அழுத்திச் சைபராக்க வேண்டும். அப்போதுதான் எரிந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். டேங்க் ஃபுல் பண்ணச் சொல்லவில்லை, ஐந்நூறு ரூபாய்க்குப் போடு என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பொத்தான், அவ்வளவுதான். அக்கா மகனும் "சூப்பர் ஐடியா மாமா" என்றான்.

போன வாரம் வண்டி வாலிநோக்கம் போய்விட்டு வந்தது. லைட்டு எரிகிறது. ட்ரிப் மீட்டரில் மூன்று கிலோமீட்டர். பரவாயில்லையே, பையன் திருந்திவிட்டான் என்று நினைத்த அதே நேரத்தில் பக்கத்தில் பார்க்கிறேன், மூன்று கோடு. எரிந்து மூன்று கிலோமீட்டர்தான் என்றால் அங்கே எண் இருக்க வேண்டுமே, கோடு எப்படி வந்தது? மெயின்ரோட்டில் திரும்பும் இடத்திலிருந்து எங்கள் வீடு சரியாக மூன்று கிலோமீட்டர். அங்கே நிறுத்தி அழுத்தியிருக்கிறான், ராஸ்கல்.

அக்காவிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளை, கை பட்டிருக்கும்டா" என்கிறாள். அவனுக்கு இந்தத் தையில் பெண் பார்க்கிறார்கள்.